அடுப்புக்கு ஓய்வு நாள்

செவ்வாய்க்கிழமை அடுப்பு மூட்டுவதில்லை.
மற்ற ஆறு நாளும் விடியற்காலை மூன்று மணிக்கு
வர்க்கி மாவை மடித்து, தேய்த்து, மறுபடி மடித்து
என் உள்ளங்கையில் ரேகை எது மடிப்பு எது
எனக்கே தெரியாது.
இன்று சிம்ஸ் பூங்காவின் படிகளில்
ஒரு வேலையும் இல்லாதவளாக இறங்குகிறேன்.
பின்னால் லூர்துராஜ்.
அவர் சட்டைப்பையில் ஒரு பேனா,
நான்காக மடித்த
எங்கள் பேக்கரியின் பழுப்புக் கவர்.

பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
நான்கு நாள் எங்காவது போகப்போகிறோம்.
எங்கே என்பது முடிவாக வேண்டும்,
இருட்டுவதற்குள்.

ஆனால் அவசரமில்லை.
ருத்திராட்ச மரத்தடியில் அவர் குனிந்து
நீலப்பழம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.
தேடினார். இல்லை.
எப்போதும் இல்லை. காவலாளி
எங்களுக்கு முன்னால் எழுந்துவிடுகிற ஆள்.

மரங்களுக்குத் தகரத்தில் பெயர்,
பெயருக்குக் கீழே பிறந்த நாடு:
ஆஸ்திரேலியா. ஜப்பான். பிரேசில்.
"இதுங்க எல்லாம் லீவுல வந்து
திரும்பிப் போகாததுங்க" என்கிறார்.
போன செவ்வாயும் இதையேதான் சொன்னார்.
நான் அரக்கேரியாவின் தண்டில் கை வைத்தேன்.
ஈரம்.
குன்னூரில் எதைத் தொட்டாலும் ஈரம்.
தீப்பெட்டி, உப்பு ஜாடி,
ஜூலையில் துவைத்து இன்னும் காயாத போர்வை,
அவருடைய இடது முழங்கால்.

எனக்கு வெயில் வேண்டும்.
காமெலியா இலைமேல் பதினொரு மணிக்கு வந்து
பதினொன்றேகாலுக்குப் போய்விடுகிற
விருந்தாளி வெயில் இல்லை.
செருப்பைக் கழற்றினால் துள்ள வைக்கிற வெயில்.

குளத்துக்கு எதிர் பெஞ்சில் கவரை விரித்தோம்.
மைசூர்: அடித்தாயிற்று, பார்த்த ஊர்.
வேளாங்கண்ணி: அது நேர்த்திக்கடன்,
லீவுக் கணக்கில் வராது.
தூத்துக்குடி என்று எழுதிப்
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
கேள்விக்குறிக்குக் கீழே பஸ் செலவு,
ரூம் செலவு,
"இதர" என்று ஒரு வரி.
அந்த இதரவைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தாரீயளா?"
புது ஸ்வெட்டர் போட்ட நான்கு பேர்.
சின்னவளின் கழுத்தில்
விலைச்சீட்டு இன்னும் ஆடுகிறது.
எடுத்துக் கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டேன்.
தூத்துக்குடி என்றார்கள்.

லூர்துராஜ் பேனாவை மூடிவிட்டார்.
"எங்க ஊர்ல என்னக்கா இருக்கு?
வெயிலும் உப்பும்தான்.
உங்களுக்கென்ன, வருஷம் பூரா லீவு."
வெந்துபோன என் விரல் நுனிகளை
சால்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.
பையிலிருந்து வர்க்கி எடுத்து நீட்டினேன்.
சின்னவள் கடித்தாள்; ஸ்வெட்டர் முழுக்கத் தூள்.
அவள் அப்பா எங்கள் கவரை வாங்கி
மக்ரூன் எந்தத் தெருவில் நல்லா இருக்கும்,
கடற்கரைக்கு எத்தனை மணிக்குப் போகக் கூடாது,
உப்பளம் எந்தப் பக்கம் என்று
அம்புக்குறி போட்டுத் தந்தார்.
ஒன்றுமில்லாத ஊருக்கு
கவரில் இடம் போதவில்லை.

பிறகு குளத்துமேல் பனி இறங்கியது.
அவர்கள் கூவிக்கொண்டு அதற்குள் ஓடினார்கள்.
எங்களுக்கு அது
மாடியில் காயும் துணியின் ஞாபகம்.

லூர்துராஜ் கேள்விக்குறியை அடித்தார்.
கொஞ்சம் யோசித்து
நான்கு நாளை மூன்றாகத் திருத்தினார்.
வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண ஆர்டர் இருக்கிறதாம்.

படியேறும்போது அவர் முழங்கால் சொடுக்கியது.
"உப்பளத்துல ஒரு அரைமணி
காலைப் புதைச்சு வெச்சா காஞ்சிடுமா?" என்றேன்.
"கருவாடா ஆயிடுவேன்டி" என்றார்,
இரண்டு படி மேலே போய் நின்று,
உண்மையாகவே யோசிக்கிறவரைப் போல.